தடயவியல் நேர்மை: மறுபடி அளந்து பார்க்க இடம் உண்டா?

கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் ஒரு போதைப்பொருள் வழக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும்: பாதி நேரம் பழுப்பு உறைகளைப் பற்றியே பேச்சு ஓடும். உறையில் முத்திரை இருந்ததா, அது யார் வைத்த முத்திரை, ஒட்டுநாடா பிரிந்திருந்ததா, ஓரத்தில் உள்ள சுருக்கொப்பம் யாருடையது, தேதி என்ன. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கோப்பு சுமந்த காலத்தில் பின்வரிசையில் அமர்ந்து இதையெல்லாம் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறேன். கூண்டில் நின்றவருக்குக் கொட்டாவி வந்திருக்காது.

அந்த உறைகளை வாங்கி, திறந்து, சோதித்து, மறுபடி மூடி அனுப்பியவர் இரசாயன இலாகாவின் அதிகாரி. பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட இந்த இலாகா போலீஸ் படையின் கீழ் வருவதில்லை. அவர் சாட்சிக் கூண்டில் ஏறி ஓர் எண்ணைச் சொல்வார். ஹெராயின் என்றால் அந்த எண் 15 கிராமைத் தொட்டதா என்பதுதான் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. தொட்டுவிட்டால், வைத்திருந்தவர் அதைக் கடத்துபவர் என்றே 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் அவர் தலையில் விழும். கடத்தல் நிரூபணமானால் நீண்ட காலம் தூக்குத்தண்டனை ஒன்றே வழி. 2018இல் அந்தச் சட்டம் சற்றே தளர்ந்தது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை என்பதே நாட்டில் இல்லை. தூக்கா, சிறையா என்பது இப்போது நீதிபதியின் கையில்.

பலர் அறியாத சங்கதி ஒன்று இங்கே உண்டு. பிடிபட்ட தூளின் எடை வேறு, அதிலுள்ள ஹெராயினின் எடை வேறு. பொட்டலத்தில் மாவும் மருந்தும் வேறு பொடிகளும் கலந்திருக்கும். அதிகாரி தூளைப் பொடித்துச் சீராகக் கலந்து, அதிலிருந்து சிறு அளவை எடுத்து, கருவியில் செலுத்தி, அதில் எவ்வளவு ஹெராயின் இருக்கிறது என்று பார்த்து, அந்த விகிதத்தை மொத்த எடையோடு பெருக்குகிறார். ஆக, நீதிமன்றத்தில் ஒலிக்கும் எண் தராசு முள் காட்டிய எண்ணன்று, கணக்குப் போட்டு வந்த எண். சரியாகக் கலந்தாரா, எத்தனை மாதிரி எடுத்தார், கருவியை அன்று அளவு சரிபார்த்தாரா என்ற ஒவ்வொன்றும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. 14.8க்கும் 15.2க்கும் இடையில் ஒரு மனிதனின் ஆயுள் தொங்கியது இப்படித்தான்.

அப்படியானால் அந்த அதிகாரியை வழக்கறிஞர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று நினைப்போம். கேட்கலாம், தடையில்லை. ஆனால் 1987இல் முனுசாமி வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. இரசாயன நிபுணரின் கருத்துக்கு நம்பத்தக்க ஆதாரம் ஏதேனும் இருந்தால் போதும், ஆய்வகத்தில் படிப்படியாக என்ன செய்தார் என்று அவர் விவரிக்க வேண்டியதில்லை. அவர் சொல்வது இயல்பிலேயே நம்ப முடியாததாக இருந்தாலோ, எதிர்த்தரப்பு மறுப்புச் சாட்சியம் கொண்டுவந்தாலோ மட்டுமே நிலைமை மாறும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399ஆவது பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. எதிர்த்தரப்பு உரிய காலத்தில் கேட்காவிட்டால் நிபுணர் வராமலேயே அவருடைய அறிக்கையை ஏற்கலாம்.

இது தவறான சட்டம் என்று சொல்ல வரவில்லை. நாட்டில் நடக்கும் வழக்குகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அதிகாரியையும் ஒவ்வொரு படியையும் விவரிக்கச் சொன்னால் நீதிமன்றம் நகராது. ஆனால் சட்டம் இவ்வளவு தாராளமாக நம்பும்போது, அந்த நம்பிக்கையின் முழுப் பாரமும் ஒரு மனிதனின் மனச்சாட்சியின் மேல் ஏறிவிடுகிறது. மறுப்புச் சாட்சியம் கொண்டுவா என்று சட்டம் சொல்வது சுலபம். செந்தூலில் வாடகை அறையில் இருக்கும் ஒரு தாய் தன் மகனுக்காகத் தனியார் இரசாயன நிபுணரை எங்கே தேடிப் பிடிப்பாள்? பிடித்தாலும், தடயப் பொருள் அரசிடம் இருக்கிறது.

மனச்சாட்சி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விலை கொடுத்துக் கற்றார்கள். அங்கே அரசு ஆய்வகத்தில் இருந்த ஆனி டூக்கன் என்ற பெண் அதிகாரி மற்றவர்களைவிடப் பல மடங்கு வேகமாக வேலை செய்தார். எல்லாரும் பாராட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, பல மாதிரிகளை அவர் சோதிக்கவே இல்லை. கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். 2017இல் ஒரே அடியாக 21,000க்கும் அதிகமான வழக்குகள் தள்ளுபடியாயின. அரசு ஊழியர் என்பதால்தான் இப்படி, தனியாரிடம் கொடுத்தால் ஒழுங்காக இருக்கும் என்று சொல்பவர்களுக்கு பிரிட்டன் பதில் வைத்திருக்கிறது. அங்கே அரசின் தடயவியல் சேவை 2012இல் மூடப்பட்டு வேலை தனியாருக்குப் போனது. 2017இல் மான்செஸ்டரில் இருந்த ஒரு தனியார் ஆய்வகத்தில் நச்சியல் பரிசோதனைத் தரவுகள் திருத்தப்பட்டிருந்தது வெளியாகி, 10,000க்கும் மேற்பட்ட வழக்குகள் சந்தேகத்துக்குள்ளாயின. சம்பளம் கொடுப்பவர் மாறியதால் மட்டும் கை சுத்தமாகிவிடவில்லை.

நேர்மை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் லஞ்சத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். வாங்கவில்லை என்றால் நல்லவர். தடயவியலில் அது ஆரம்பப் பள்ளிப் பாடம். உள்ளூர்க் கதை ஒன்றைப் பார்த்தால் மீதிப் பாடம் புரியும்.

2009 ஜனவரியில் சொகுசுக் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட குகன் என்ற இளைஞர் 20ஆம் தேதி சுபாங் ஜெயா பக்கம் போலீஸ் காவலில் இறந்தார். அப்போது இந்த நாட்டில் இருந்த தமிழர் எவருக்கும் அந்தப் பெயர் மறந்திருக்காது. செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் சவப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்து இறந்ததாகச் சொன்னது. சவக்கிடங்கில் உடலைக் கண்ட குடும்பத்தாரோ வேறொன்றைப் பார்த்தார்கள். முதுகெல்லாம் தழும்பு. படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் நாடெங்கும் சுற்றின. குடும்பம் கேட்டு, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அந்த அறிக்கை வெளிக் காயங்களை 45 வகையாகப் பிரித்து எழுதியது. சாவுக்குக் காரணம் சிறுநீரகச் செயலிழப்பு என்றது.

இந்த இடத்தில் மருத்துவத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் நேர்மையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நுரையீரலில் நீர் கோப்பது பொய்யான கண்டுபிடிப்பாக இருக்க வேண்டியதில்லை. இதயம் நின்றாலும், விஷம் குடித்தாலும், மூளையில் அடிபட்டாலும் அந்த நீர் வரலாம். அது சாவு வந்த வழி. யார் அனுப்பினார்கள் என்பதை அது சொல்லாது. மாறாக, தொடர்ந்து அடி விழும்போது தசை நார்கள் நொறுங்கி, அவற்றிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். இதைக் காண வேண்டுமானால் முதுகிலும் கால்களிலும் தோலை விலக்கி அடியில் உள்ள தசையைப் பார்க்க வேண்டும், திசுவை நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். நெஞ்சைத் திறந்து நுரையீரலைப் பார்த்ததோடு ஒருவர் நிறுத்திக்கொண்டால், எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் அறிக்கை முழுமையில்லாமல் போகலாம். பொய் சொல்லாமலேயே உண்மையைத் தவறவிடும் வழி அது.

அதோடு கதை முடியவில்லை. சுகாதார அமைச்சு அமைத்த நிபுணர் குழு இரண்டு அறிக்கைகளையும் ஆராய்ந்து, இதயத் தசை அழற்சியால் நுரையீரலில் நீர் கோத்தது என்று முதல் அறிக்கையின் பக்கம் சாய்ந்தது. பின்னர் மலேசிய மருத்துவ மன்றம் முதல் பரிசோதனை செய்த மருத்துவரை விசாரித்துக் கண்டித்தது. 2013இல் குகனின் தாய் தொடுத்த சிவில் வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம் இரண்டாவது அறிக்கையை ஏற்று, 800,000 மலேசிய வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். அந்தத் தொகை மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது. காயப்படுத்தியதாகக் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள்.

எனக்கு இந்த வழக்கில் பெரிதாகப் படுவது யார் வென்றார் என்பதன்று. இரண்டாவது முறை பார்க்க உடல் இருந்தது என்பதுதான். நம் வீடுகளில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? உடலை எப்போது கொடுப்பார்கள் என்பதே முதல் கேள்வி. மாமா ஒருவர் செராஸ் மின்சுடலைக்கு ஃபோன் போட்டு நேரம் கேட்பார், இன்னொருவர் பறை மேளத்துக்குச் சொல்லிவிடுவார். “வெளியூர்ச் சொந்தம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், பிள்ளை கிடந்து கஷ்டப்படக் கூடாது” என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அன்பினால்தான். ஆனால் தீ வைத்த பிறகு மேல்முறையீடு கிடையாது. புதைத்த உடலைத் தோண்டி எடுக்கலாம், எரித்ததை என்ன செய்வது? சந்தேகச் சாவு நடந்த குடும்பத்துக்கு வழக்கறிஞர்கள் முதலில் சொல்லும் புத்தி இதுதான்: காரியத்தைத் தள்ளிப் போடுங்கள், முதல் அறிக்கையைக் கையில் வாங்குங்கள், இரண்டாவது கருத்து வேண்டுமா என்று முடிவு செய்யும்வரை எரிக்காதீர்கள்.

அதே 2009 ஜூலை 16இல் ஷா ஆலாம் பிளாசா மசாலாமில், சிலாங்கூர் ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகம் இருந்த கட்டடத்தின் தாழ்வான கூரைத் தளம் ஒன்றில் தியோ பெங் ஹோக் என்ற அரசியல் உதவியாளர் பிணமாகக் கிடந்தார். முந்தைய இரவெல்லாம் அவரை அங்கே விசாரித்திருந்தார்கள். அவரைப் புதைத்திருந்தார்கள். அதனால் அவ்வாண்டு நவம்பரில் தோண்டி எடுத்து மறுபரிசோதனை செய்ய முடிந்தது. இந்த வழக்கில் சிலாங்கூர் மாநில அரசு தாய்லாந்திலிருந்து புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் போர்ன்திப்பை அழைத்தது. எண்பது விழுக்காடு கொலை, இருபது விழுக்காடு தற்கொலை என்று அவர் சாட்சி சொன்னதும் ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாமும் கை தட்டினோம். யாரும் கேட்காத ஒரு கேள்வி: எண்பது என்பது எதை எதனால் வகுத்து வந்தது? அது அனுபவத்தில் பிறந்த மனக்கணக்கு. அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் விழுக்காட்டுக் குறி போட்டதும் அது அளவீடுபோல் வேடம் கட்டிக்கொள்கிறது.

அவருக்குத் தம் நாட்டில் இன்னொரு கதை இருக்கிறது, அது இங்கே அதிகம் பேசப்படவில்லை. ஜிடி200 என்ற வெடிகுண்டு கண்டறியும் கருவியைத் தாய்லாந்து அரசுத் துறைகள் நிறைய வாங்கின. அவர் தலைமையில் இருந்த தடயவியல் நிறுவனமும் அதைப் பயன்படுத்தியது, அவரும் அதை ஆதரித்துப் பேசினார். 2010 பிப்ரவரியில் தாய்லாந்து அரசு அதை முறைப்படி சோதித்தபோது, 20 முறையில் 4 முறைதான் சரியாகக் காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலே ஏறக்குறைய அவ்வளவு தேறும். உள்ளே இயங்கும் பாகம் என்று எதுவுமே இல்லாத பிளாஸ்டிக் கூடு அது. அதை விற்ற பிரிட்டிஷ்காரருக்கு 2013இல் 7 ஆண்டு சிறை கிடைத்தது. அதிகாரத்துக்கு அஞ்சாமல் சவத்தைப் பார்த்துப் பேசிய அதே மருத்துவர், சோதிக்காத கருவியையும் நம்பினார். நல்லவர் சொன்னால் நம்பலாம் என்ற நம் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடைக்காது.

தியோவின் வழக்கில் மரண விசாரணை நீதிமன்றம் 2011 ஜனவரியில் கொலையென்றும் தற்கொலையென்றும் சொல்லாமல் திறந்த முடிவு அளித்தது. அவ்வாண்டே அரச விசாரணை ஆணையம் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார் என்றது. 2014 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அடையாளம் தெரியாத ஒருவரோ பலரோ செய்த சட்டவிரோதச் செயல்களால் மரணம் நேர்ந்தது அல்லது விரைவுபட்டது, அவர்களில் ஆணைய அதிகாரிகளும் அடங்குவர் என்றது. ஒரே உடல், ஒரே தடயங்கள், மூன்று வாசகங்கள்.

நேர்மையானவர்களே எப்படிச் சாய்கிறார்கள் என்பதை 2006இல் இட்டியல் டிரோர் என்ற ஆய்வாளர் குரூரமான எளிமையோடு காட்டினார். ஐந்து கைரேகை நிபுணர்களிடம் ஒரு ஜோடி ரேகைகளைக் கொடுத்து, இது ஒரு பிரபலமான வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்ட ரேகை என்று கதை சொன்னார். உண்மையில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது, அவரவரே முன்பு “பொருந்துகிறது” என்று கையெழுத்துப் போட்ட ரேகைகள். நான்கு பேர் தங்கள் முந்தைய முடிவைக் கைவிட்டார்கள். யாரும் காசு வாங்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. காதில் விழுந்த கதை கண்ணைத் திருப்பியது. விசாரணை அதிகாரி உறையை நீட்டும்போது “ஆள் பழைய கேஸ் உள்ளவன், ஒப்புக்கொண்டுவிட்டான்” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனால் போதும். செராஸில் இருக்கும் தடயவியல் ஆய்வகம் போலீஸ் படைக்குச் சொந்தமானது. அங்கே உழைப்பவர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே சீருடைக் குடும்பம் என்றால், தேவையில்லாத கதை காதில் விழாதபடி தடுப்பது தனியொரு வேலையாகிவிடுகிறது.

பொருள் கைமாறும் சங்கிலி என்பது இந்தத் தொழிலின் இன்னொரு முதுகெலும்பு. அதில் ஒரு கண்ணி நழுவினால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது அரசியல் தலைவர் அன்வார் இப்ராகிமின் இரண்டாவது ஓரினப்புணர்ச்சி வழக்கில்தான். அரசியலை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் பார்ப்போம். 2008 ஜூனில் கோலாலம்பூர் மருத்துவமனையில் எடுத்த மாதிரிகளைக் குளிர்சாதன உறைபெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். விசாரணை அதிகாரி அவற்றைத் தம் அலுவலக அலமாரியில் ஏறக்குறைய இரண்டு நாள் வைத்திருந்தார். மறுபடி பெயர் ஒட்டுவதற்காகப் பெரிய பையை வெட்டியும் திறந்தார். மாதிரிகளின் தூய்மையை முழு உறுதியோடு ஏற்க முடியாது என்று 2012 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அன்வாரை விடுவித்தது. உள்ளே இருந்த தனித்தனிக் குப்பிகளின் முத்திரைகள் குலையவில்லை என்று மேல் நீதிமன்றங்கள் 2014இலும் 2015இலும் அதைத் திருப்பிப் போட்டன. 2018இல் அரச மன்னிப்பு வந்தது. இன்றுவரை இரு தரப்பும் அந்த அலமாரியைப் பற்றி வாதிடுகிறார்கள். உறைபெட்டியில் வைத்திருந்தால் வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

கணினித் தடயத்தில் இந்தத் தொல்லை பாதி குறைவு. ஒரு கைப்பேசியின் தகவல் முழுவதையும் நகலெடுத்ததும், அதிலிருந்து கணக்கிட்டு ஒரு நீண்ட எண் வரிசையை எழுதிவைப்பார்கள். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த வரிசை முற்றிலும் வேறாகிவிடும். எதிர்த்தரப்பு நிபுணர் பத்து ஆண்டு கழித்து அதே நகலை எடுத்துக் கணக்கிட்டாலும் அதே எண் வர வேண்டும். நகலெடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. சவத்துக்கும் தூளுக்கும் அப்படியோர் எண் இல்லை என்பதுதான் சோகம். அங்கே அதற்கு ஈடு குறிப்பேடும், படங்களும், மிச்சம் வைத்த மாதிரியும்.

இனி தனியார் பக்கம். நான் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு கிரான் தகராறு, அதாவது நில உரிமைப் பத்திரச் சண்டை வந்தது. அண்ணன் தம்பி சண்டை. இறந்துபோன தகப்பனார் வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிக் கொடுத்த 14ஏ பாரத்தில் இருப்பது அப்பா கையெழுத்தே இல்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். அவருக்காகக் கையெழுத்து ஆய்வாளர் ஒருவரைத் தேடிப் போனோம். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, ஒரு கடை வீட்டின் மாடியில் மேசையும் நுண்ணோக்கியுமாக உட்கார்ந்திருந்த பெரியவர்.

நீட்டிய நகலை அவர் கையில்கூட வாங்கவில்லை. “இதில் மை இல்லை, தம்பி. கார்பன் தூள்தான் இருக்கிறது. நில அலுவலகத்தில் மூலம் இருக்கும், அதைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பாரத்தில் போட்ட காலத்தை ஒட்டி அவர் வேறு எங்கே கையெழுத்துப் போட்டிருந்தாலும் கொண்டு வாருங்கள். குறைந்தது பத்து வேண்டும்.” அண்ணன் வீட்டை அலசிச் சேமநிதிப் பாரம், வங்கிப் புத்தகம், கோயில் நன்கொடைச் சீட்டு என்று பன்னிரண்டு கொண்டுவந்தார். மூலத்தைப் பார்க்கவும் ஒரு நாள் அனுமதி கிடைத்தது.

அண்ணனின் வாதம் வலுவாகத்தான் தெரிந்தது. பாரத்தில் இருந்த கையெழுத்து நடுங்கிக் கிடந்தது, அப்பாவின் பழைய கையெழுத்தோ கம்பி மாதிரி. பெரியவர் என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். பார்த்துப் போலி செய்பவன் மெதுவாக வரைவான், அதனால் கோடு முழுவதும் ஒரே அழுத்தமாக இருக்கும், வளைவில் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்திருப்பான். நோயில் நடுங்கும் கை வேறு மாதிரி. கோடு அலையும், ஆனால் மேலே போகும்போது இலேசாகவும் கீழே இறங்கும்போது அழுத்தமாகவும் ஓடும் பழைய தாளம் மாறாது. கோயில் சீட்டில் இருந்த கடைசிக் கையெழுத்திலும் அதே நடுக்கம், அதே தாளம். அப்பாவுக்கு இடையில் பக்கவாதம் வந்திருந்ததை அண்ணன் அதுவரை எங்களிடம் சொல்லவில்லை.

பெரியவர் இரண்டு பக்கத்தில் அறிக்கை கொடுத்தார்: கையெழுத்து தகப்பனாருடையதே என்பதற்கு ஆதாரம் வலுவாக உள்ளது. அண்ணன் முகம் சுருங்கிப் பணத்தைக் கட்டிவிட்டு, வேறு ஆய்வாளரிடம் போனார். அந்த அறிக்கையை நான் கோப்பில் வைத்து இளஞ்சிவப்பு நாடாவால் கட்டினேன். அது நீதிமன்றத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை.

இதைத்தான் வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 40ஏ கட்டளை தெளிவாகச் சொல்கிறது: சிவில் வழக்கில் நிபுணரின் கடமை நீதிமன்றத்துக்கு உதவுவது, அந்தக் கடமை அவரை அமர்த்தியவர், சம்பளம் கொடுத்தவர் மீதான கடமையைவிட மேலானது. அழகான விதி. ஆனால் அது கூண்டேறும் நிபுணரைத்தான் கட்டுப்படுத்துகிறது. வழக்குக்காக வாங்கிய அறிக்கையை வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் சலுகை கட்சிக்காரருக்கு உண்டு. ஆகவே வேண்டாத பதில் சொன்ன நேர்மையாளர் கோப்புக்குள் போகிறார், வேண்டிய பதில் சொன்னவர் கூண்டேறுகிறார். இரண்டாமவர் பொய்யராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஐந்து பேரில் தற்செயலாக அப்படிக் கருதிய ஒருவராக இருக்கலாம். நீதிபதியின் கண்ணுக்கு வருவது சலித்தெடுத்த நிபுணர் கூட்டம். அரசு நிபுணரைச் சட்டம் அளவுக்கு மீறி நம்புகிறது என்றால், தனியார் நிபுணரை அளவுக்கு மீறி ஒளிய விடுகிறது.

தனியார் துப்பறிவாளர்களின் நிலை இன்னும் தளர்வு. அவர்களுக்குரிய சட்டம் 1971ஆம் ஆண்டின் தனியார் நிறுவனச் சட்டம். கட்டட வாசலில் நிற்கும் காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்துக்கும், உங்கள் கணவரைப் பின்தொடரும் நிறுவனத்துக்கும் ஒரே சட்டத்தில்தான் உள்துறை அமைச்சு உரிமம். அதோடு, குருமா என்பவரின் பழைய வழக்கில் 1955இல், அன்று காலனி நாடுகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த நெறியை நம் நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுகின்றன: தடயம் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி, அது எப்படிக் கிடைத்தது என்பது பெரும்பாலும் இரண்டாம் பட்சம். பூட்டைத் திறந்து எடுத்த படமும் உள்ளே வரலாம் என்றால், பூட்டைத் திறக்காமல் இருப்பது அந்த மனிதனின் சொந்த ஒழுக்கம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனியாரைக் கொஞ்சம் கட்டுகிறது. கூட்டரசும் மாநில அரசுகளும் அதன் எல்லைக்கு வெளியே.

இந்தத் தொழிலில் இந்நாட்டில் மிகவும் அறியப்பட்ட பெயர் ஒரு தமிழருடையது. முன்னாள் போலீஸ்காரரான பி. பாலசுப்பிரமணியம், மங்கோலியப் பெண் அல்தான்துயாவின் கொலை வழக்கோடு தொடர்புபட்ட தனியார் துப்பறிவாளர். 2008 ஜூலை 3இல் கோலாலம்பூரில் நிருபர்கள் முன் அந்த வழக்கு குறித்து ஒரு சத்தியப் பிரமாணத்தை வெளியிட்டார். மறுநாளே இன்னொரு சத்தியப் பிரமாணம் செய்து முதலாவதை மறுத்தார். குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். பிறகு, முதலாவதே உண்மை என்றார். 2013 பிப்ரவரியில் திரும்பி வந்து மார்ச்சில் மாரடைப்பில் இறந்தார். எந்தப் பிரமாணம் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒரு மனிதனின் சொல் தலைகீழானபோது, இரண்டில் எது உண்மை என்று உரசிப் பார்க்கப் பொதுமக்களிடம் எதுவும் இல்லை. அவர் வாயைத் தவிர வேறு கல் கிடையாது. மிரட்டலுக்கும் ஆசைக்கும் எட்டும் இடம் வாய்தான்.

சில ஆண்டுகள் கழித்து, வேறு ஏதோ வேலையாக அந்தக் கடை வீட்டு மாடிக்குப் போனேன். பெரியவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார், மகளோடு ஈப்போவுக்குப் போகிறாராம். சுவரோரம் பிஸ்கட் அட்டைப் பெட்டிகள் ஆள் உயரம் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆண்டு எழுதியிருந்தது. உள்ளே அவர் பார்த்த ஒவ்வொரு கையெழுத்தின் பெரிதாக்கிய படம், அளந்த அளவுகள், எழுதிவிட்டு அடித்த ஐயங்கள். எங்கள் கிரான் வழக்கும் அதில் எங்கோ இருந்திருக்கும்.

“இதையெல்லாம் எதற்கு ஐயா வைத்திருக்கிறீர்கள்?”

“எதிர்த்தரப்பு வழக்கறிஞர் யாராவது கேட்டால் எடுத்துக் காட்டத்தான்.”

“கேட்டிருக்கிறார்களா?”

அவர் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினார். “இரண்டு பேர்,” என்றார்.